ஸ்கீனா ஆற்றோரம் ஒரு தேர்தல்

பிரின்ஸ் ரூபர்ட்டின் விமான நிலையம் ஊருக்கு எதிரே ஒரு தீவில் இருக்கிறது. விமானத்திலிருந்து இறங்கியவர்களை ஒரு பேருந்தில் ஏற்றினார்கள். பேருந்தை அப்படியே ஒரு படகில் ஏற்றினார்கள். மழைக்குள் படகு நகர்ந்தது. கரை தெரிவதற்கு முன்பே கழுகுகள் தெரிந்தன. கம்பங்களிலும் பாய்மரங்களிலும் காக்கை உட்காருவதுபோல அலட்சியமாக உட்கார்ந்திருந்தன. ஊருக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டவை நீல நிறத்திலும் ஆரஞ்சு நிறத்திலும் வீட்டு முற்றங்களில் நட்டிருந்த சிறு பலகைகள். சுவரொட்டி இல்லை, ஒலிபெருக்கி இல்லை. தேர்தல் நடக்கிறது என்பதற்கு அந்தப் பலகைகள்தான் சாட்சி.

கனடாவின் மேற்குக் கோடியில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வடமேற்கில் இருக்கிறது ஸ்கீனா-பல்க்லி வேலி என்ற நாடாளுமன்றத் தொகுதி. பரப்பு 3 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகம், அதாவது இரண்டு தமிழ்நாடுகளை உள்ளே வைத்த பிறகும் இடம் மிஞ்சும். மக்கள் சுமார் 90 ஆயிரம் பேர். தொகுதியின் வட முனையில் அட்லின் என்று ஒரு சிற்றூர். அங்கே காரில் போக வேண்டுமென்றால் தொகுதியைவிட்டு, மாகாணத்தையே விட்டு வெளியேறி, யூகான் பிரதேசத்துக்குள் சென்று, மறுபடி தெற்கே திரும்ப வேண்டும். மேற்கே ஹைடா குவாய் தீவுகளுக்குக் கப்பலில் ஏழெட்டு மணி நேரம். ஓர் ஓட்டுக்காக ஒரு வேட்பாளர் இங்கே கடக்கும் தூரத்தை எண்ணிப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. மக்கள்தொகை அடர்த்தி குறைந்த தொகுதிகளில் வேட்பாளர் கூடுதலாகச் செலவு செய்யச் சட்டமே இடம் கொடுக்கிறது. அந்தப் பணத்தை நிறுவனங்களோ தொழிற்சங்கங்களோ தர முடியாது. தனி மனிதர்கள்தான் தர வேண்டும், அதுவும் 2025-ன் வரம்புப்படி ஆண்டுக்கு 1,750 டாலருக்கு மேல் கூடாது.

நான் போனது 2025 ஏப்ரலில். நாடு முழுக்க அமெரிக்காவின் வரிவிதிப்பு பற்றியே பேச்சு. மார்ச் 12 முதல் எஃகுக்கும் அலுமினியத்துக்கும் 25 சதவீத வரி. கனடா தன் காலில் நிற்க வேண்டும் என்று எல்லாக் கட்சிகளும் முழங்கின. லிபரல் கட்சியின் மார்க் கார்னியா, கன்சர்வேட்டிவ் கட்சியின் பியர் பொய்லீவ்ரா என்று தொலைக்காட்சி கேட்டுக்கொண்டிருந்தது. இங்கே கேள்வியே வேறு. இந்த மண்ணிலிருந்து எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது, அதைச் சொல்லும் உரிமை யாருக்கு? நூறாண்டுகளாக இந்தத் தொகுதி சுற்றிச் சுற்றி வருவது இந்த ஒரு கேள்வியைத்தான். அதற்குப் பூர்வகுடிகள் ஒரு பக்கம், கம்பெனிகள் மறுபக்கம் என்று ஒரு படத்தை வெளியூர்க்காரர்கள் வரைந்துகொள்கிறோம். அந்தப் படத்தை இந்தத் தொகுதி கிழித்துப் போடுகிறது.

பிரின்ஸ் ரூபர்ட்டை ஆசியாவுக்கான வாசலாகக் கனவு கண்டவர் ரயில் கம்பெனித் தலைவர் சார்லஸ் ஹேஸ். 1912-ல் டைட்டானிக்கோடு மூழ்கிப்போனார். இரண்டு ஆண்டு கழித்து ரயில் வந்தது, அவர் கண்ட மாநகரம் வரவில்லை. மீன் பதப்படுத்தும் ஆலைகள் வந்தன, மூடின. காகிதக்கூழ் ஆலை வந்தது, 2001-ல் மூடியது. இன்று சரக்குப் பெட்டகங்களும் நிலக்கரியும் தானியமும் புரோப்பேனும் ஏறிப் போகும் ஆழ்கடல் துறைமுகம்தான் ஊருக்குச் சோறு போடுகிறது. துறைமுகத்துக்கு அருகில் காபி விற்ற அம்மையாரிடம் தேர்தலைப் பற்றிக் கேட்டேன். அவருடைய அப்பா மீன் ஆலையில் வேலை பார்த்தவர், கணவர் கூழ் ஆலையில், மகன் துறைமுகத்தில். “ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு வேலை வருகிறது, அதோடு போய்விடுகிறது. ஓட்டுப் போடும்போது என் பேரனுக்கு அடுத்தது என்ன என்றுதான் யோசிப்பேன்” என்றார். எந்தக் கட்சி என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்தத் தொகுதி அனுப்பிய உறுப்பினர்களின் கதையே தனி. 1957 முதல் பதினேழு ஆண்டுகள் இங்கிருந்து சென்ற ஃபிராங்க் ஹோவர்டு, பூர்வகுடிகளுக்கு வாக்குரிமை வேண்டும் என்று வாதாடியவர். 1979 முதல் 1993 வரை இருந்த ஜிம் ஃபுல்டன், சால்மன் அழிவதைப் பற்றிப் பேசிப் பேசிப் பயனில்லாமல், ஒருநாள் செத்த சால்மன் ஒன்றைக் கால்சட்டைக்குள் மறைத்து அவைக்குள் கொண்டுபோய்ப் பிரதமர் பிரையன் மல்ரோனியின் மேசைமேல் போட்டார். ஆட்டவாவுக்கும் இந்தக் கடற்கரைக்கும் இடையே ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். அந்தத் தூரத்தைத் தாண்டி ஆற்றின் வாடையை அவைக்குள் கொண்டுவர அவருக்குக் கிடைத்த வழி அதுதான்.

ரூபர்ட்டிலிருந்து கிழக்கே போகும் 16-ம் எண் நெடுஞ்சாலை ஸ்கீனா ஆற்றை ஒட்டியே செல்கிறது. ஆற்றுக்கும் மலைக்கும் நடுவில் கிடைத்த இடுக்கில் ஒரு சாலை, ஒரு தண்டவாளம். அவ்வளவுதான். பனி உருகி வழியும் அருவிகளை எண்ணத் தொடங்கிக் கைவிட்டேன். சுமார் 570 கிலோமீட்டர் ஓடும் இந்த ஆற்றின் குறுக்கே எங்கும் அணை இல்லை. கடலிலிருந்து சால்மன்கள் பிறந்த இடம் தேடி ஏறிச்செல்லும் பாதை திறந்தே கிடக்கிறது. இவ்வளவு அழகான சாலைக்குக் ‘கண்ணீர் நெடுஞ்சாலை’ என்று இன்னொரு பெயரும் உண்டு. பல பத்தாண்டுகளாக இதன் ஓரத்தில் இளம்பெண்கள், பெரும்பாலும் பூர்வகுடிப் பெண்கள், காணாமல் போனார்கள், கொல்லப்பட்டார்கள். ஊருக்கு ஊர் பேருந்து இல்லாததால் போகிற வண்டியைக் கைகாட்டி நிறுத்தி ஏறியவர்கள் அவர்களில் பலர். 2017-ல்தான் ஊர்களை இணைக்கும் பொதுப் பேருந்து வந்தது. ஒரு பேருந்து உயிர் காக்கும் என்பதை ஆட்சியாளர்களுக்குப் புரியவைக்க அத்தனை குடும்பங்கள் அத்தனை ஆண்டுகள் அழ வேண்டியிருந்தது. சாலையோரப் பலகையில் சிரித்துக்கொண்டிருக்கும் பெண்களின் முகங்களுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி இறங்கி நின்றேன்.

டெரஸ் என்ற ஊரில் தெற்கே திரும்பினால் ஒரு மணி நேரத்தில் கிடிமாட். 1950-களின் தொடக்கத்தில் அலுமினியத்துக்காகவே காட்டுக்குள் எழுப்பிய நகரம் இது. அலுமினியம் உருக்க மின்சாரம் வேண்டும்; மின்சாரத்துக்கு மலைக்கு அப்பால் கிழக்கே ஓடிய நெச்சாக்கோ ஆற்றை மறித்து, தண்ணீரை மேற்கே திருப்பி, 16 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, கிட்டத்தட்ட 800 மீட்டர் கீழே மலையின் வயிற்றுக்குள் இருக்கும் கெமானோ மின் நிலையத்தில் விழ வைத்தார்கள். 1954-ல் உருக்காலை ஓடத் தொடங்கியது. மனிதக் கைகள் செய்த வேலை என்று நம்ப முடியாத அளவு பெரிய வேலை அது. அதே அணைக்காக 1952-ல் செஸ்லாட்டா மக்களுக்குச் சில நாள் அவகாசம் கொடுத்து ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். வீடுகளைக் கொளுத்தினார்கள், கல்லறைகள் தண்ணீருக்கடியில் போயின. அவர்களை யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்கும் வழக்கமே அப்போது இல்லை.

கிடிமாட்டில் இப்போது எல்லோர் வாயிலும் எரிவாயு. ஷெல், பெட்ரோனாஸ், பெட்ரோசைனா, மிட்சுபிஷி, கொரியா கேஸ் ஆகிய ஐந்தும் சேர்ந்து எழுப்பிய எல்.என்.ஜி. கனடா ஆலை, குழாய்வழியோடு சேர்த்து 40 பில்லியன் டாலர் திட்டம் என்று 2018-ல் அறிவிக்கப்பட்டது. மாகாணத்தின் வடகிழக்கிலிருந்து 670 கிலோமீட்டர் குழாயில் வாயு வருகிறது. அதை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் திரவமாகி அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கும். அப்படியே கப்பலேற்றி ஆசியாவுக்கு அனுப்பலாம். நான் அங்கிருந்த நாட்களில் ஆலை இன்னும் ஏற்றுமதியைத் தொடங்கவில்லை. ஆலையைப் படிப்படியாகக் குளிர்விக்க வெளிநாட்டிலிருந்து ஒரு கப்பல் திரவ வாயு கொண்டுவந்து கொடுத்திருந்தது.

ஆயிரக்கணக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் விமானத்தில் வந்து, முகாமில் தங்கி, முறை முடிந்ததும் விமானத்தில் திரும்பிப் போனார்கள். அவர்களின் வாக்கு இங்கே இல்லை. நிரந்தர முகவரி எந்தத் தொகுதியில் இருக்கிறதோ அங்கேதான் அது எண்ணப்படும். முகாமில் இருந்துகொண்டே, ஊர் வேட்பாளரின் பெயரைத் தன் கையால் எழுதித் தபாலில் அனுப்பலாம். நியாயமான ஏற்பாடாகவே எனக்குப் பட்டது. ஆலை கட்டுகிறவன் போய்விடுவான். ஆலையோடு வாழப்போகிறவன்தான் இங்கே வாக்களிக்கிறான்.

நகரத்துக்கு எதிர்க்கரையில், டக்ளஸ் கால்வாயின் ஓரம், ஹெய்ஸ்லா மக்களின் கிராமம் இருக்கிறது. கால்வாய் என்றால் மனிதன் வெட்டியதல்ல. பனிப்பாறை செதுக்கிவிட்டுப் போன ஆழமான கடல்விரல், சுமார் 90 கிலோமீட்டர் மலைகளுக்கு நடுவே உள்ளே வந்திருக்கிறது. இங்கே ஊலிகன் என்று ஒரு சிறு மீன் உண்டு. குளிர்காலம் முடியும்போது ஆற்றுக்குள் ஏறிவரும் அந்த மீனை ஊறவைத்துக் காய்ச்சி நெய் எடுப்பார்கள். இந்தக் கரையோர மக்கள் உள்நாட்டு மக்களோடு வணிகம் செய்த மலைவழிகளுக்கே நெய்த்தடங்கள் என்று பெயர். கிடிமாட் ஆற்றில் அந்த மீன் அருகிப் போய்விட்டது. எழுபது வயதைக் கடந்த ஒரு ஹெய்ஸ்லா பெரியவர் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஆலைகள் வந்தபோது எங்களைக் கேட்கவில்லை. மீன் போயிற்று. வேலை ஊருக்குள் இருந்தவர்களுக்குக் கிடைத்தது, எங்களுக்கு இல்லை. இப்போது கேட்கிறார்கள். கேட்டதற்குச் சரி என்றோம்.”

எலிஸ் ராஸ் இந்தக் கிராமத்தவர். ஹெய்ஸ்லா மன்றத்தில் 2003 முதல் உறுப்பினர், பிறகு தலைமை உறுப்பினர், 2017 முதல் மாகாணச் சட்டமன்ற உறுப்பினர், 2025-ல் கன்சர்வேட்டிவ் கட்சியின் நாடாளுமன்ற வேட்பாளர். வறுமையிலும் தற்கொலையிலும் சிதையும் இளைஞர்களைக் காப்பாற்ற அரசு உதவித்தொகையால் முடியாது, வேலையால்தான் முடியும் என்பது அவர் ஆண்டுக்கணக்கில் சொல்லிவரும் வாதம். அவரைக் கம்பெனிகளின் ஆள் என்று எளிதாகத் தள்ளிவிட முடியாததற்குக் காரணம் இருக்கிறது. எண்ணெய்க் குழாய் ஒன்றை இதே கால்வாய்க்குக் கொண்டுவர என்பிரிட்ஜ் நிறுவனம் முயன்றபோது, ஹெய்ஸ்லா மக்கள் அவருடைய தலைமையில் மறுத்து நின்றவர்கள். 2014 ஏப்ரலில் கிடிமாட் நகரமே பொதுவாக்கெடுப்பு நடத்தி அந்தத் திட்டத்தை நிராகரித்தது. ஹெய்ஸ்லாவும் மற்ற பூர்வகுடிகளும் தொடுத்த வழக்கில், அவர்களைச் சரிவரக் கலந்தாலோசிக்கவில்லை என்று 2016-ல் நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. எண்ணெய் கொட்டினால் கடல் செத்துவிடும் என்று அதை மறுத்தவர்கள் எரிவாயுவை ஏற்றார்கள். சிடார் எல்.என்.ஜி. என்ற மிதக்கும் ஆலைக்கு இன்று ஹெய்ஸ்லா மக்களே பெரும்பான்மை உரிமையாளர்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு வடகிழக்கே ஹேசல்டனுக்குப் போனால் தலை சுற்றுகிறது. பல்க்லி ஆறு ஸ்கீனாவில் கலக்கும் இடம் அது. கிட்க்சான் மக்களின் ஊர்களில் நூறாண்டு கண்ட குலமரக்கம்பங்கள் மழையில் வெளுத்து நிற்கின்றன. தவளை, ஓநாய், காகம் என்று ஒவ்வொரு கம்பமும் ஒரு குலத்தின் வரலாற்றையும் நில எல்லையையும் சொல்லும் ஆவணம். அங்கே ஒரு மூதாட்டி, 1960-க்குப் பிறகு தன் தகப்பனார் முதன்முதலாக வாக்களிக்கப் போன நாளை நினைவுகூர்ந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, எதுவும் பேசாமல் வேகமாக நடந்து போனாராம். அந்த ஆண்டு வரை, பூர்வகுடி என்ற சட்ட அந்தஸ்தைக் கைவிட்டாலொழிய இவர்களில் பெரும்பாலோருக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு இல்லை. 1927 முதல் 1951 வரை நில உரிமைக்காக வழக்கறிஞரை அமர்த்தப் பணம் திரட்டுவதே குற்றம். அந்தச் சட்டங்களின் கீழ் பிறந்தவர்கள் இன்னும் நம்மோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார்கள். ஓர் ஆயுளுக்குள் வாக்கில்லாத நிலையிலிருந்து வேட்பாளராகும் நிலைவரை வந்திருக்கிறார்கள். இந்தப் பயணத்தில் நான் கண்ட மலைகளையெல்லாம்விட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது இதுதான்.

அங்கிருந்து ஸ்மிதர்ஸ் பக்கம். ஊருக்குப் பின்னால் எழும் பனிமலையை எந்தத் தெருவிலிருந்தும் பார்க்கலாம். கனடாவின் நில உரிமை வரலாற்றை மாற்றிய டெல்கமூக் வழக்கு விசாரணை 1987-ல் இந்தச் சிற்றூரில் தொடங்கியது. கிட்க்சான், வெட்சுவெட்டன் குலத்தலைவர்கள் 58,000 சதுர கிலோமீட்டர் தங்களுடையது என்றார்கள். பத்திரம் கேட்ட நீதிமன்றத்துக்கு வாய்மொழி வரலாறுகளைச் சொன்னார்கள். மேரி ஜான்சன் என்ற மூத்த பெண்மணி தன் குலத்தின் பாடலைச் சாட்சியமாகப் பாட முன்வந்தார். இது நீதிமன்றத்தில் செய்கிற காரியமல்ல என்று நீதிபதி சங்கடப்பட்டார். ஆனாலும் மேரி பாடினார். 1991-ல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. ஆனால் 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வாய்மொழி வரலாற்றையும் சாட்சியமாக ஏற்க வேண்டும், பூர்வகுடிகளின் நில உரிமை அழிந்துவிடவில்லை என்று சொல்லி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. மறுவிசாரணை நடக்கவே இல்லை. நிலம் யாருடையது என்ற கேள்வி அந்தரத்திலேயே நிற்கிறது.

அந்த அந்தரத்தின் ஊடாகத்தான் கிடிமாட் போகும் எரிவாயுக் குழாயைப் பதித்தார்கள். வழியிலுள்ள 20 பூர்வகுடி மன்றங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. வெட்சுவெட்டன் பரம்பரைத் தலைவர்கள் மறுத்தார்கள். அரசு ஒதுக்கிய சிறு குடியிருப்புகளை நிர்வகிப்பதுதான் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் வேலை, பரந்த நிலத்துக்குப் பொறுப்பு குலத்தலைவர்களிடம்தான் என்பது அவர்கள் வாதம். 2020 பிப்ரவரியில் காவல்துறை எதிர்ப்பாளர்களின் முகாம்களைக் கலைத்தபோது நாடெங்கும் ரயில் பாதைகள் மறிக்கப்பட்டன. ஒரே குடும்பத்தில் அண்ணன் குழாய் வேலைக்குப் போனான், தங்கை மறியலுக்குப் போனாள் என்ற கதைகளை இங்கே கேட்டேன். இரு தரப்பிடமும் பேசியபின் எனக்குத் தெளிவானது ஒன்று. ஹெய்ஸ்லா பெரியவரும் வெட்சுவெட்டன் தலைவர்களும் எதிரெதிர் முடிவுக்கு வந்திருந்தாலும், கேட்பது ஒன்றைத்தான்: முடிவெடுக்கும் உரிமை எங்களுடையது. அதில் ஒரு தரப்பை ‘உண்மையான பூர்வகுடி’ என்று சான்றளிக்க வெளியாட்களுக்கு எந்த உரிமையும் இல்லை.

ராஸை எதிர்த்து நின்ற டெய்லர் பாக்ராக் இந்த ஸ்மிதர்ஸின் முன்னாள் மேயர். புதிய ஜனநாயகக் கட்சியின் சார்பில் 2019 முதல் நாடாளுமன்ற உறுப்பினர். ஊர்களுக்கு இடையே ரயில், அஞ்சலகம், ஆற்று மீன் என்று உள்ளூர்க் கவலைகளை அவையில் பேசியவர். வாக்களிக்கும் வயதை 16 ஆகக் குறைக்கத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர். அவருக்கு வாக்களிப்பதாகச் சொன்னவர்களும் ராஸுக்கு என்றவர்களும் என்னிடம் எதிராளியை ஒரு வார்த்தை இழிவாகச் சொல்லவில்லை. சந்தையில் நாளையே நேரில் பார்க்க வேண்டிய மனிதர்கள் என்பதால் இருக்கலாம். ஆனால் கவலை ஆழமாக இருந்தது. ஹூஸ்டன் ஊரின் மர அறுவை ஆலை 2023-ல் மூடப்பட்டது. சுமார் 300 பேர் வேலை இழந்தார்கள். அந்த ஊரில் ஓர் இளம் தந்தை, “சால்மனும் வேண்டும், சம்பளமும் வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் தருவேன் என்று ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்?” என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

ஏப்ரல் 28. மேற்கில் வாக்குப்பதிவு மாலை 7 மணிக்கு முடிகிறது. காகிதச் சீட்டு, பென்சில், பெயருக்கு எதிரே ஒரு வட்டம். அன்றிரவே ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து, வேட்பாளர்களின் பிரதிநிதிகள் கண்ணெதிரே கையால் எண்ணுகிறார்கள். இங்கே பெட்டிகளைத் திறந்த சற்று நேரத்திலேயே லிபரல்கள்தான் ஆட்சி அமைப்பார்கள் என்று தொலைக்காட்சி அறிவித்துவிட்டது. நாடு முடிவாகிவிட்டது, தொகுதி இன்னும் எண்ணிக்கொண்டிருந்தது. 2004 முதல் இந்தத் தொகுதியைக் கையில் வைத்திருந்த புதிய ஜனநாயகக் கட்சி தோற்றது. எலிஸ் ராஸ் வென்றார். 2021-ல் 25 இடங்கள் பிடித்த பாக்ராக்கின் கட்சி நாடு முழுவதிலும் 7-க்குச் சுருங்கியது.

ராஸ் போய் அமர்ந்தது எதிர்க்கட்சி வரிசையில். ஜூன் கடைசியில் கிடிமாட்டிலிருந்து முதல் எரிவாயுக் கப்பல் ஆசியாவுக்குப் புறப்பட்டது. செப்டம்பரில் கார்னி அரசு, நாட்டின் முக்கியத் திட்டங்கள் என்று முதலில் ஐந்தை அறிவித்தது. அதில் இரண்டு இந்த ஒரே தொகுதியில்: எல்.என்.ஜி. கனடாவின் இரண்டாம் கட்டம், டால்டன் மக்களின் நிலத்தில் உள்ள ரெட் கிரிஸ் சுரங்கத்தின் விரிவாக்கம். நவம்பரில் வந்த அடுத்த பட்டியலில் நிஸ்கா மக்கள் பங்காளியாக உள்ள இன்னொரு எரிவாயு ஆலையும் இடம்பெற்றது. அந்த ஆலைக்கு வாயு கொண்டுவரும் குழாய்க்காக முன்பு தாங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை, பக்கத்துப் பள்ளத்தாக்கின் கித்தன்யோ தலைவர்கள் 2024 ஆகஸ்டிலேயே எல்லோர் முன்னிலையிலும் தீயில் போட்டிருக்கிறார்கள்.